ஆடுகள ஓரத்துச் சக்கர நாற்காலி

நேயர்களே, உதைபந்தாட்டம் பார்க்கப் பொருள் கொடுத்துச் செல்பவன் ஒரு சில கணங்களுக்காகவே செல்கின்றான். 90 நிமிட ஆட்டத்தில் பந்து வலைக்குள் விழும் கணம் ஒன்றோ இரண்டோதான்; சில நாட்களில் அதுவும் வாய்ப்பதில்லை. அக்கணம் வந்ததும் கூட்டம் முழுவதும் ஓருடம்பாக எழுந்துவிடுகின்றது. எழ இயலாத ஒருவன் அக்கூட்டத்தின் பின்னே சக்கர நாற்காலியில் இருப்பானாயின், அவன் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகேயாகும். எல்லோரும் கண்ட காட்சி அவனுக்கு மட்டும் ஓர் ஆரவார ஒலியாக வந்து சேர்கின்றது. அவனும் நுழைவுச் சீட்டு வாங்கியவன்தான். அவனும் அதே கழகத்தின்மேல் பற்றுள்ளவன்தான்.

இந்த மனிதன் ஆட்ட மைதானத்துள் எப்போது வந்தான், எவ்விடத்தில் அமர்த்தப்பட்டான், எதன்பேரில் அமர்த்தப்பட்டான் என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும். உதைபந்தாட்டத்தை முறைப்படுத்தி உலகுக்கு அளித்த இங்கிலாந்திலேயே இவ்வரலாற்றைத் தொடர்ந்து காண முடிகின்றது. அங்கும் பெரிய கழகங்களைவிடக் கீழ்ப் பிரிவுகளைச் சேர்ந்த சிறு கழகங்களின் மைதானங்களே இதனை நன்கு உணர்த்துகின்றன. முதற் பிரிவில் இன்று 20 கழகங்கள் உள்ளன. அதன் கீழே மூன்று பிரிவுகளில் 72 கழகங்கள். அவற்றுக்கும் கீழே படிப்படியாக இறங்கி, ஊர்ப் பெயரைத் தவிர வேறு செல்வம் இல்லாத கழகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாரந்தோறும் ஆட்டம் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றி நிற்கின்றது.

முதலில் அம்மைதானங்கள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம். 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை வேலை பிற்பகல் 2 மணியுடன் நிற்க வேண்டும் என்று விதித்தது. காலப்போக்கில் மற்றைய தொழிலாளருக்கும் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கிடைத்தது. 1863 இல் ஆட்டத்துக்குச் சங்கமும் விதிகளும் அமைந்தன. 1888 இல் 12 கழகங்கள் சேர்ந்து தொடர்போட்டியைத் தொடங்கின. பார்வையாளர் பெருகவே, ஆடுகளத்தைச் சுற்றி மண்ணையும் உலைச் சாம்பலையும் கொட்டி மேடாக்கினார்கள். சரிவிலே பழைய இரயில் பாதைக் கட்டைகளைப் பதித்துப் படிகள் அமைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நின்று பார்ப்பதற்கென்றே எழுந்த அமைப்பு அது. வாயிலிலோ, ஒருவர் மட்டும் உடலை ஒடுக்கி நுழையக்கூடிய சுழற்கதவு இருந்தது. கட்டணம் செலுத்தாமல் எவரும் புகாதிருக்கவும், வந்தோர் தொகையை எண்ணவும் ஏற்பட்டது அது. சக்கர நாற்காலி அதனூடே செல்லாது. நடக்க இயலாதவர்களை விலக்க வேண்டும் என்று எவரும் எண்ணியதாகச் சொல்வதற்கில்லை. அவர்களை எவரும் எண்ணவே இல்லை என்பதுதான் உண்மை. சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் கால் இழந்தவர்கள் அந்த ஊர்களில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் வீட்டிலே இருந்தார்கள்.

இந்நிலையை மாற்றியது முதலாம் உலகப் போர். 1915 ஆம் ஆண்டு ஏப்ரில் 24 ஆம் திகதி மன்செஸ்ரர் நகரில் நடந்த கிண்ண இறுதி ஆட்டத்தில் ஷெவ்பீல்ட் யுனைற்றெட் கழகம் செல்சி கழகத்தை 3-0 என வென்றது. கூட்டத்தில் இராணுவ உடையணிந்தோர் மிகுந்திருந்தமையால் அவ்வாட்டம் காக்கி இறுதி ஆட்டம் என்றே பெயர் பெற்றது. காயம்பட்டு ஊர் திரும்பியவர்களும் அக்கூட்டத்தில் காணப்பட்டனர். அதன்பின் வந்த ஆண்டுகளில், வைத்தியசாலைகளில் நீலச் சீருடையும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்த போர்வீரர்களை ஆட்டங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. அவர்களுக்கு ஆடுகள ஓரத்திலே, கூட்டத்துக்கு முன்பாக, இடம் அளித்தார்கள். படி ஏற இயலாதவனுக்குப் படிகளுக்கு முன்னால் இடம் தருவது இயல்பான ஏற்பாடுதான். நாட்டுக்காக உடலைக் கொடுத்தவனுக்கு நாடு செலுத்தும் நன்றிக் கடன் என்ற உணர்வும் அதனுள் இருந்தது.

அக்காலத்தில் அவர்களுக்கென்று ஆட்டங்கள் ஆடப்பட்டதும் உண்டு. பிரெஸ்ரன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த டிக் கெர் அணி, 1917 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, காயமுற்ற வீரருக்குப் பணம் திரட்டுவதற்காக ஆடியது. 10,000 பேர் திரண்டு வந்தனர். 1920 நத்தாருக்கு மறுநாள் லிவர்பூலில் அதே அணி ஆடியபோது வந்தோர் தொகை 53,000. ஆயினும் 1921 டிசம்பரில் உதைபந்தாட்டச் சங்கம், தன்னைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. காயம்பட்டோருக்காகப் பொருள் திரட்டியவர்களே அரை நூற்றாண்டுக் காலம் வாயிலுக்கு வெளியே நின்றனர். விருந்தினருக்கு வழங்கிய இடத்தை விருப்பம் மாறியதும் திரும்பப் பெற முடியும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

போர் நினைவு மங்க மங்க, நீலச் சீருடையினர்க்கு இருந்த மதிப்பும் குறைந்தது. அன்றியும், முதலாம் போரில் முதுகுத்தண்டு முறிந்தவர்களுட் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் நோயுற்று மாண்டனர். அவர்கள் நெடுநாள் வாழ்வார்கள் என்று வைத்தியரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுத்தண்டு காயங்களுக்கென ஒரு நிலையம் தொடங்கியது. ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் அதன் தலைமையை ஏற்றார். படுக்கைப் புண்களையும் சிறுநீர்த் தொற்றையும் தடுத்தால் இவர்கள் வாழ்வார்கள் என்பதை அவர் செய்து காட்டினார். 1948 யூலை 29 ஆம் திகதி அங்கே 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்து வில்லெய்து போட்டியிட்டனர். பிற்காலத்துப் பராலிம்பிக் போட்டிகளுக்கு வித்து அதுவேயாகும். ஏறத்தாழ இதே காலத்தில் மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய சக்கர நாற்காலியும் பரவலாயிற்று. அமெரிக்காவில் எவரெஸ்ற், ஜெனிங்ஸ் என்னும் பொறியியலாளர் இருவர் 1930-களில் அமைத்தது அது. உயிர் பிழைத்து, வீட்டை விட்டு வெளியேறவும் ஒரு கருவி கிடைத்துவிட்டால், மனிதன் சனிக்கிழமை பிற்பகலில் எங்கே செல்ல விரும்புவான்? மற்றவர்கள் செல்லும் இடத்துக்கே அவனும் செல்ல விரும்பினான்.

அவனை அங்கே கொண்டு சேர்த்தது ஒரு சிறு வண்டி. பேர்ட் கிரீவ்ஸ் என்பவர், முடக்குவாதமுற்ற தம் உறவினராகிய பிரெஸ்ரன்-கொப் என்பவருக்காக, இயந்திரம் பூட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்றை அமைத்தார். இத்தகைய வண்டிகளை இராசாங்கம் தேவையானோர்க்கு இலவசமாக வழங்கலாயிற்று. வெளிர்நீல நிறம், ஒரே இருக்கை, சிறு இயந்திரம். 1950-களிலும் 1960-களிலும் 1970-களிலும் எடுக்கப்பட்ட பல உதைபந்தாட்டப் படங்களில், ஆடுகளத்தின் ஓரத்திலே இவ்வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பெரிய கழகங்களின் மைதானங்களிலும், சிறு கழகங்களின் புல்வெளிகளிலும் அக்காட்சி இருந்தது. வாயிற்காவலர் பக்கக் கதவைத் திறந்துவிடுவார். வண்டி உள்ளே வந்து எல்லைக்கோட்டின் அருகே நிற்கும். மழை பெய்தாலும் மேலே கூரை உண்டு. கூட்டத்தில் எவருக்கும் கிடைக்காத அண்மைக் காட்சி அவனுக்குக் கிடைத்தது.

எனினும் அந்த வண்டியில் இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லை. வேறு ஒருவரை ஏற்றிச் செல்வதற்கு அனுமதியும் இல்லை. தகப்பன் மகனுடன் வர இயலாது. நண்பர்கள் மேட்டில் நின்று பாடிக்கொண்டிருக்கையில், அவன் கண்ணாடிக்குப் பின்னே தனியே இருந்தான். ஆட்டத்துக்கு மிக அருகிலும் கூட்டத்துக்கு மிகத் தொலைவிலும் அவன் வைக்கப்பட்டான். மைதானத்துக்குச் செல்வதன் இன்பம் ஆட்டத்தைக் காண்பதில் பாதி, அயலானோடு சேர்ந்து காண்பதில் பாதி. அவனுக்கு முதற் பாதியே கிடைத்தது. 1970-களின் நடுப்பகுதியில் இவ்வண்டிகளை வழங்குவதைக் கைவிட்டு, போக்குவரத்துப் படி அளிக்கும் முறைக்கு இராசாங்கம் மாறத் தொடங்கியது. 2003 ஆம் ஆண்டில் அவை வீதிகளிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன.

இதற்கிடையில் சட்டம் தன் முதல் அடியை எடுத்து வைத்திருந்தது. மன்செஸ்ரர் பகுதியைச் சேர்ந்த பாராளுமன்ற அங்கத்தவர் அல்ப் மொறிஸ் கொணர்ந்த 1970 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடங்களில் அங்கவீனமுற்றோர் நுழைய வழி அமைக்க வேண்டும் என்றது. ஆனால் இயன்ற அளவில், நியாயமான அளவில் என்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்திருந்தது. இயலாது என்று சொல்ல விரும்பியவனுக்கு அந்நிபந்தனை போதுமானதாயிற்று.

அடுத்துவந்த இருபது ஆண்டுகளில் மைதானங்களை மாற்றியவை பெருந்துயர்களே. 1971 சனவரி 2 ஆம் திகதி கிளாஸ்கோ நகரத்து ஐபுறொக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நெரிபட்டு இறந்தனர். அதன் விளைவாக 1975 இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. எனினும் அச்சட்டத்தின் கட்டாய அனுமதிமுறை முதலில் மேற்பிரிவுகளின் மைதானங்களையே தழுவியது. மூன்றாம் பிரிவுக் கழகமாகிய பிராட்போர்ட் சிற்றியின் மைதானம் அதற்குள் அடங்கவில்லை. 1985 மே 11 ஆம் திகதி, அக்கழகம் அப்பிரிவின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்ற அதே நாளில், பழைய மர இருக்கை மண்டபத்தின் கீழே குவிந்திருந்த குப்பையில் தீப்பற்றியது. சில நிமிடங்களில் மண்டபம் முழுவதும் எரிந்தது. பின்புறக் கதவுகள் பல பூட்டியிருந்தன. இறந்தோர் 56 பேர். அவர்களுள் விரைந்து ஓட இயலாத முதியோர் பலர். கீழ்ப் பிரிவுக் கழகத்தின் வறுமையும், அதனைக் கவனியாத சட்டமும் சேர்ந்து செய்த கொடுமை அது. 1987 இல் புதிய தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989 ஏப்ரில் 15 ஆம் திகதி ஷெவ்பீல்டின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. நீதிபதி ரெயிலர் 1990 இல் அளித்த அறிக்கை, நின்று பார்க்கும் மேடுகளை ஒழித்து இருக்கைகளை அமைக்கும்படி கூறிற்று. 1992 இல் இராசாங்கம் கீழ்ப் பிரிவுகளுக்கு அக்கட்டாயத்தைத் தளர்த்தியது.

பாதுகாப்பு என்னும் சொல் சக்கர நாற்காலியில் வருவோர்க்கு இருபுறமும் கூரான வாளாக அமைந்தது. ஒருபுறம், புதிதாகக் கட்டிய மைதானங்களில் சாய்வழியும் மின்னுயர்த்தியும் தனி மேடையும் தொடக்கத்திலேயே வரையப்பட்டன. மறுபுறம், பழைய சிறு மைதானங்களில் சக்கர நாற்காலி வெளியேறும் வழியை அடைக்கும் பொருளாகக் கருதப்படலாயிற்று. நேற்றுவரை பக்கக் கதவைத் திறந்துவிட்ட அதே கை, இன்று தீயைக் காட்டி மறுத்துவிட முடிந்தது. தயவினால் கிடைத்த இடம் அச்சத்தினால் பறிபோயிற்று. தீயிலிருந்து எல்லோரையும் காப்பது கடமை என்றால், ஓட இயலாதவனுக்கு வழி அமைப்பதும் அக்கடமையின் பகுதியே. அவனை வெளியே நிறுத்துவது கடமையைக் குறைத்துக்கொள்ளும் வழி மட்டுமே.

1995 ஆம் ஆண்டின் பாரபட்சத் தடைச் சட்டமே நிலைமையை வேறு தளத்துக்குக் கொண்டுவந்தது. பொதுச் சேவை அளிப்போர் தம் கட்டட அமைப்பிலுள்ள தடைகளுக்கும் நியாயமான மாற்றம் செய்ய வேண்டும் என்ற அதன் கடமை 2004 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 1998 இல் பார்வையாளர்கள் தாமே ஒரு தேசிய சங்கம் அமைத்துக்கொண்டனர். 2003 இல் வெளிவந்த மைதான வழிகாட்டி நூல் ஒன்று, புதிய மைதானங்களுக்குத் தொகையையும் குறித்தது: 10,000 இருக்கைக்குக் குறைந்த இடங்களில் நூற்றுக்கு ஒன்று, அல்லது ஆறு, இவற்றுள் எது கூடியதோ அது. அதன்படி 3,000 இருக்கையுள்ள மைதானத்தில் 30 சக்கர நாற்காலி இடங்களும், 400 இருக்கையுள்ளதில் 6 இடங்களும் இருத்தல் வேண்டும். முதற் பிரிவுக் கழகங்கள், 2017 ஓகஸ்ற் மாதத்துக்குள் வழிகாட்டியின் அளவுகளை எட்டுவோம் என்று 2015 இல் வாக்களித்தன. பெருஞ்செல்வம் படைத்த அக்கழகங்களுக்கே அவ்வாக்குறுதி 2015 வரை தேவைப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இனி, இத்தனை சட்டங்களின் பின்னும், சிறு கழகத்து மைதானத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகலை எண்ணிப் பாருங்கள். சுழற்கதவின் அருகே பெரிய கதவு ஒன்று இருக்கும். அதனைத் திறக்கும் தொண்டரைத் தேட வேண்டும். உள்ளே சீமெந்துப் பாதை எதுவரை செல்கின்றதோ அதுவரையே உலகம். அதற்கு அப்பால் புல். மாரி காலத்தில் சேறு. ஆடுகளத்தைச் சுற்றி, நிற்பவர் கையூன்றுவதற்கென்று, ஒரு மீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் கம்பிவேலி செல்கின்றது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் உள்ளது. நிற்பவருக்குச் சாய்மானம் ஆகும் கம்பி, இருப்பவருக்கு ஆட்டத்தை இரண்டாக வெட்டும் கோடு ஆகின்றது. கூரை பெரும்பாலும் முன்வரிசையை எட்டுவதில்லை, மழை எட்டிவிடுகின்றது. மற்றவர்கள் காலை உதறிக் குளிரைப் போக்கிக்கொள்வர். அவரால் அதுவும் இயலாது.

கீழ்ப் பிரிவுகளில் ஓர் இனிய வழக்கம் உண்டு. இடைவேளையில் இரு அணிகளும் பக்கம் மாறுவதால், பார்வையாளரும் தம் அணி தாக்கும் வலைக்குப் பின்னே நடந்துபோய் இடம் மாறிக்கொள்வர். மைதானத்தின் நான்கு பக்கமும் பாதை சுற்றிச் சென்றால் சக்கர நாற்காலியும் அக்கூட்டத்தோடு செல்லும். ஒரு பக்கத்தில் பாதை நின்றுவிட்டால், கூட்டம் சென்றுவிட, அவர் மட்டும் எதிரணி வலையைப் பார்த்த வண்ணம் இருக்க நேரும். வெளியூர்க் கழகத்தைப் பின்தொடர்ந்து வந்தவர் நிலை இன்னும் கடினம். சில மைதானங்களில் ஒரே ஒரு மேடைதான் இருக்கும். அதுவும் உள்ளூரார் நடுவே இருக்கும். தம் அணி பந்தை வலைக்குள் அடிக்கும்போது அவர் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும்.

இவற்றைத் தீர்க்க மாளிகை கட்ட வேண்டியதில்லை. முன்னால் நிற்பவரின் தலைக்கும் நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு இரண்டு அடி அளவில் வரும். ஆகவே மேடை இரண்டு அடிக்கு மேல் உயர்தல் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்வழி என்பது நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. இரண்டு அடிக்கு இருபத்துநான்கு அடி ஆகின்றது. வீடுகளுக்கும் இரயில் பாதைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பழைய மைதானத்துக்கு அந்த இருபத்துநான்கு அடி எளிதன்று. எனினும் வேலியில் ஒரு பகுதியைத் தாழ்த்துவது, சேற்றின்மேல் சீமெந்துக் கற்களைப் பதிப்பது, அவ்விடத்துக்கு முன்னால் எவரும் நில்லாதபடி கோடு இடுவது என்பன பணத்தைக் காட்டிலும் மனத்தையே வேண்டி நிற்பவை. நியாயமான மாற்றம் என்று சட்டம் சொல்வதன் பொருளும் இதுவே. வசதியுள்ள கழகத்திடம் கூடுதலாகவும், வசதியற்ற கழகத்திடம் குறைவாகவும் அது கேட்கின்றது. ஒன்றுமே செய்யாதிருக்க எவருக்கும் அது இடந்தரவில்லை.

சிறு மைதானங்களை ஒருவர் விரும்புவதற்கும் காரணம் உண்டு. அங்கே வாயிற்காவலருக்கு வருபவரின் பெயர் தெரியும். தேநீரை யாராவது கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். ஒருவாரம் வராவிட்டால் மறுவாரம் விசாரிப்பார்கள். பெருங்கழகத்தின் உயர்ந்த மேடையில் காட்சி நன்று. ஆயினும் அங்கே இந்த உறவு எளிதிற் கிட்டுவதில்லை. ஆகவே அன்பு வேண்டாம், உரிமை மட்டும் போதும் என்று எவரும் சொல்லார். ஆனால் அன்பை மட்டும் நம்பியிருந்த காலத்தின் வரலாற்றை நாம் பார்த்தோம். நன்றியுணர்வினால் கிடைத்த இடம் நினைவு மங்கியபோது சுருங்கியது. தயவினால் கிடைத்த இடம் தீயைக் கண்டதும் மூடப்பட்டது. தெரிந்த காவலர் ஓய்வுபெற்றுச் சென்றால் பக்கக் கதவின் திறவுகோலும் அவரோடு சென்றுவிடக் கூடாது. சட்டம் செய்வது அந்தத் திறவுகோலைச் சுவரில் மாட்டிவைக்கும் காரியம். கதவைத் திறப்பவர் புன்னகையோடு திறந்தால் அது பெரும் பேறு. புன்னகை இல்லாவிட்டாலும் கதவு திறந்தாக வேண்டும்.

நேயர்களே, ஒரு மைதானம் எத்தனை பேரைக் கொள்ளும் என்று கேட்பது வழக்கம். இனி அதனோடு வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். கூட்டம் முழுவதும் எழுந்து ஆரவாரிக்கும் அந்தக் கணத்தில், எழ முடியாமல் இருப்பவரும் பந்து வலையைத் தொடுவதைக் கண்டாரா? கண்டு, தன் அருகே இருந்த நண்பனின் தோளைத் தட்டினாரா? ஆம் என்று விடை வருமாயின், அம்மைதானம் தகரக் கூரையும் மண்மேடும் உடையதாயினும் நல்ல மைதானமே. இல்லை என்று வருமாயின், அங்கே வரவேண்டிய ஒருவர் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.